தொட்டிக்குள் ஒரு டி.ஏ.பி. மூட்டை

நீர்வளம்: கேள்வி-பதில்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம், கடற்கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். மூன்று ஏக்கரில் முண்டு மிளகாய் போடுகிறோம். மகளிர் குழுக் கடன் எடுத்து, வீட்டுத் திண்ணையை அடைத்து, 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி இரண்டு வைத்து கோமாளி மீன் வளர்க்கிறேன். நாலு ஜோடி இருக்கிறது. முதல் ஐந்து மாதம் நன்றாக இருந்தது, முட்டையும் வைத்தன. இப்போது ஓட்டின் மேலும் கல்லின் மேலும் பச்சை முடி மாதிரி பாசி, மணலில் சிவப்பு வழுவழுப்பு. முட்டை ஓட்டைப் பாசி மூடிவிடுகிறது. மீன் கடைக்காரர் பார்த்துவிட்டு, ‘பாஸ்பேட் ஏறிவிட்டது, 2 இருக்கிறது, பாசி மருந்து ஊற்றுங்கள்’ என்கிறார். வாரா வாரம் 80 லிட்டர் கடல் தண்ணீர் மாற்றுகிறேன், குறையவில்லை. தீவனம் காலை மாலை சாளை மீனும் இறால் தலையும் நறுக்கிப் போடுகிறேன். கரையில் ஒதுங்கிய பாறைக் கல் பத்துப் பன்னிரண்டு உள்ளே அடுக்கியிருக்கிறேன். ‘இதை மூடிவிட்டு மிளகாய் பறிக்க வா’ என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: சகோதரி, மூட வேண்டாம். மருந்தும் ஊற்ற வேண்டாம். கடையில் பாசி மருந்து என்று கொடுப்பதில் பலவற்றில் செம்பு இருக்கும். தொட்டியில் பாசி தின்னும் நத்தையோ சின்ன இறாலோ விட்டிருந்தால் முதலில் சாவது அதுதான். செத்த பாசியும் செத்த நத்தையும் அங்கேயே அழுகி, எந்தச் சத்தைக் குறைக்க நினைத்தோமோ அதையே தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கும். பத்து நாளில் பாசி மறுபடி வரும்.

கடைக்காரர் சொன்ன பாஸ்பேட் உங்களுக்குப் புதிதல்ல. மண் பரிசோதனை அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்று கட்டம் போட்டிருப்பார்களே, அதில் நடுவில் இருக்கிற மணிச்சத்துதான் இது. வயலில் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோம். கடல் மீன் தொட்டியில் அதுவே களைக்கு உரமாகிவிடுகிறது. பவளப்பாறை உள்ள கடலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதென்றால், அந்தத் தண்ணீரில் சத்து அவ்வளவு குறைவு. லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் பாஸ்பேட் என்பது அங்கே சாதாரண அளவு. உங்கள் தொட்டியில் 2 என்றால் நூறு மடங்கு.

அந்தச் சிவப்பு வழுவழுப்பும் உங்களுக்குத் தெரிந்த குடும்பம்தான். நெல் வயலில் விடுகிற நீலப்பச்சைப் பாசியின் உறவு. அந்தப் பாசியைப் பாத்தியில் பெருக்கும்போது மேலே என்ன தூவுகிறோம்? சூப்பர் பாஸ்பேட். அப்படியிருக்க, தொட்டியில் மணிச்சத்து ஏறினால் அது படராமல் என்ன செய்யும்?

சரி, தொட்டிக்குள் யார் உரம் போட்டது? நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு தொட்டிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 கிராம் மீன் சதை என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 20 முதல் 30 மில்லிகிராம் மணிச்சத்து உண்டு. பாஸ்பேட்டாக மாற்றிச் சொன்னால் 60 முதல் 90 மில்லிகிராம். வாரத்துக்கு 420-லிருந்து 630 வரை. உங்கள் வீட்டுக்காரர் மூட்டையிலிருந்து ஒரு கிராம் டி.ஏ.பி. எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் அதில் ஏறக்குறைய 615 மில்லிகிராம் பாஸ்பேட் இருக்கும். ஆக, வாரம் ஒரு கிராம் டி.ஏ.பி. தூவுகிற மாதிரிதான் தீவனம் போகிறது. இறால் தலையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதில் சதையைவிடக் கழிவுதான் அதிகம்.

இனி செலவுப் பக்கம். 80 லிட்டர் மாற்றுகிறீர்கள். தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் வெளியே போவது 160. உள்ளே வந்ததில் பாதி மீன் உடம்பில் சேர்ந்தது, வடிகட்டிப் பஞ்சில் நின்றது என்று தாராளமாகக் கழித்தாலும் 210 மிச்சம். வரவு 210, செலவு 160. வாரா வாரம் 50 தங்குகிறது. ஐந்து மாதம் நன்றாக இருந்து பிறகு கெட்டது ஏன் என்பது இதில் தெரிகிறது. ஒரே நாளில் நடந்த விபத்து இல்லை இது.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் கொண்டுவரும் 80 லிட்டர் எங்கே மொண்டது? மீன் ஏலம் விடுகிற துறைப் பக்கம் என்றால், பெட்டி கழுவிய தண்ணீரும் குடலும் கலந்த நீர் அது. இறால் பண்ணை வடிகால் பக்கம், மழை பெய்த மறுநாள் ஆற்று முகத்துவாரப் பக்கம், இவையும் அப்படித்தான். அழுக்கு வேட்டியைச் சாக்கடையில் அலசுகிற கதை. தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும்போது புதிதாகக் கொண்டுவந்த தண்ணீரையும் ஒரு தடவை சோதியுங்கள். அதிலேயே 0.3, 0.5 காட்டினால் இடத்தை மாற்ற வேண்டும். துறையை விட்டுத் தள்ளி, ஏற்றம் நிற்கிற நேரத்தில் மொண்டு, துணியில் வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் சில நாள் இருட்டில் வைத்துத் தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

ஆவியாகிப் போகிற தண்ணீருக்குப் பதிலாக என்ன ஊற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் பக்கத்து வெயிலுக்குத் தினமும் சில லிட்டர் குறையும். குறைவது வெறும் தண்ணீர்தான், உப்பும் சத்தும் உள்ளேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் அல்ல. வயலை ஒட்டிய கிணற்றுத் தண்ணீர் என்றால் அதில் உள்ள சத்தெல்லாம் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. ஊரில் குடிநீர்க் கேன் வருகிறது அல்லவா, அது போதும். தளத்தில் பிடித்த சுத்தமான மழைநீரும் ஆகும். தகரக் கூரையில் பிடித்தது வேண்டாம்.

அடுத்து கல். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரையில் ஒதுங்கிய பாறைக் கல் என்று நீங்கள் எழுதியது உங்கள் பகுதியில் பெரும்பாலும் செத்த பவளம். கல்லில் பூப் பூவாக, தேன்கூடு மாதிரி துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பவளம். கடினப் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், நீங்கள் வெட்டாமல் கரையில் பொறுக்கியதாக இருந்தாலும், வீட்டில் வைத்திருப்பது குற்றம். குழுக் கடனில் தொழில் செய்கிற பெண்ணுக்கு இந்த வம்பு வேண்டாம். பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். ‘வெளிநாட்டில் எல்லோரும் வீட்டில் பவளம் வளர்க்கிறார்களே’ என்று உங்கள் பையன் போனில் காட்டுவான். அங்கே பண்ணையில் துண்டு போட்டு வளர்த்து விற்கிறார்கள். நம் நிலைமை வேறு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் பாசிக்கே அந்தக் கல் ஒரு காரணம். பவளக் கல் என்பது சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் போட்ட சூப்பர் பாஸ்பேட் பயிருக்குக் கிடைக்காமல் மண்ணே பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்கள். கல்லும் அதேபோலத் தண்ணீரில் மணிச்சத்து ஏறும்போது இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீரை மாற்றி அளவு குறைந்ததும் மெல்ல மெல்லத் திரும்ப விடும். வெள்ளிக்கிழமை தண்ணீர் மாற்றினால் சனிக்கிழமை சோதனையில் குறைந்திருக்கும், செவ்வாய்க்கிழமை பழைய இடத்துக்கே வந்திருக்கும். பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். சோதனைக் குப்பி பொய் சொல்கிறது என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. சிப்பி மணல் போட்டிருந்தால் அதிலும் இதே கதைதான். கோமாளி மீனுக்குப் பவளம் தேவையே இல்லை. சுட்ட மண் தொட்டியை உடைத்துக் கவிழ்த்து வைத்தால் அதிலேயே முட்டையிடும். குஞ்சு பொரிப்பகங்களிலும் மண் ஓடும் டைல்ஸ் துண்டும்தான் வைக்கிறார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். முதல் வேலை தீவனம். நறுக்கிய மீனை அப்படியே கொட்டாமல், வடிகட்டியில் போட்டு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். அந்தக் கலங்கல் சாற்றில் ஒரு பங்கு சத்து போய்விடும். அது மீன் வாய்க்கு எட்டாது, பாசிக்குத்தான் எட்டும். ஐஸில் வைத்த மீனாக இருந்தால் உருகிய தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். இறால் தலையை நிறுத்துங்கள், உரித்த இறால் சதை கொஞ்சம் போடலாம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் ஒரு வேளை. முட்டையிடும் ஜோடிக்குத் தீனி குறைக்கலாமா என்று பயப்படுவீர்கள். குறைக்கச் சொல்லவில்லை, தரையில் விழுவதை நிறுத்தச் சொல்கிறேன். எத்தனை துண்டு மணலில் கிடக்கிறது என்று இன்று மாலை பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நானே முதல் தொட்டி வைத்த காலத்தில் மீன் ஆசையாக வாய் திறக்கிறதே என்று போட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு மாதத்தில் தொட்டி புல்வெளி ஆனது. மீன் எப்போதும்தான் வாய் திறக்கும்.

இரண்டாவது, கையால் பாசி எடுப்பது. முடிப் பாசியைச் சுரண்டி உள்ளேயே விடாதீர்கள். விரலில் சுற்றிப் பிடுங்கி வாளியில் போடுங்கள். களை பிடுங்கி வரப்பில் போடாமல் வயலுக்குள்ளேயே மிதித்தால் அது வயலுக்கே உரமாகும் அல்லவா? சிவப்பு வழுவழுப்பைத் தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். மணலின் மேல் தங்கிய அழுக்கையும் அப்படியே. ஒரே நாளில் மணல் முழுவதையும் கிளறிவிடக் கூடாது. வாரத்துக்கு நாலில் ஒரு பங்கு போதும். விளக்கை 8 மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். திண்ணையில் நேர் வெயில் விழுந்தால் சாக்குப் படுதா கட்டுங்கள்.

இவ்வளவும் மூன்று வாரம் செய்த பிறகு சோதித்துப் பாருங்கள். வரவு குறைந்துவிட்டால் அப்புறம் உள்ளே தேங்கியதை எடுக்க இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, கடையில் கிடைக்கும் இரும்பு ஆக்சைடு குருணை. ஜி.எஃப்.ஓ. என்று கேட்டால் கொடுப்பார்கள், துருப் பிடித்த மணல் மாதிரி இருக்கும். இதன் சூட்சுமமும் நம் மண்ணில் உள்ளதுதான். செம்மண்ணில் இருக்கிற இரும்பு மணிச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும், பயிருக்கு விடாது என்று படித்திருப்பீர்கள். வயலில் அது தொல்லை, தொட்டியில் அதுவே உதவி. (செம்மண்ணையே ஒரு பை கட்டிப் போடலாமா என்று கேட்டுவிடாதீர்கள், சேறாகிவிடும்.) நல்ல தண்ணீரில் சிவப்பு போகும்வரை அலசி, வலைப் பையில் கட்டி, வடிகட்டியிலிருந்து தண்ணீர் பாய்கிற இடத்தில் வையுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். இறங்கிக்கொண்டே வந்த அளவு மறுபடி ஏறத் தொடங்கினால் குருணை நிறைந்துவிட்டது, மாற்ற வேண்டும். 2 என்று இருக்கும்போது முதல் பை சீக்கிரமே நிறைந்துவிடும், அது குருணையின் குற்றமில்லை. தீவனத்தைச் சரி செய்யாமல் இதை மட்டும் வாங்கிப் போட்டால் மாதா மாதம் கடைக்காரருக்குக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி காசில்லாதது, எனக்குப் பிடித்ததும் அதுதான். உங்கள் கரையில் பெண்கள் எடுக்கிற கஞ்சிப்பாசி. வேண்டாத பாசிக்குப் போட்டியாக வேண்டிய பாசியை வளர்ப்பது. தீவுப் பக்கம் போகாமல், கரையோரம் கிடைக்கிற உயிருள்ள கஞ்சிப்பாசி இரண்டு கைப்பிடி எடுத்துக் கடல் தண்ணீரில் நன்றாக உதறிக் கழுவுங்கள். சின்ன நண்டு, புழு ஒட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, பெரிய தொட்டித் தண்ணீர் அதற்குள் ஓடித் திரும்புகிற மாதிரி செய்து, அதற்கு ஒரு எல்.இ.டி. விளக்கு போடுங்கள். பெரிய தொட்டி விளக்கு அணைந்த பிறகு இரவில் இதை எரிய விடலாம். வளர வளரப் பாதியை அறுத்து வெளியே எடுக்க வேண்டும். அறுவடை எடுத்தால்தான் சத்து வெளியேறும், வளரவிட்டு வேடிக்கை பார்த்தால் பயனில்லை. 100 கிராம் ஈரப் பாசி அறுத்தால் சுமாராக ஒரு நாள் தீவனத்தில் வந்த பாஸ்பேட் போய்விடும். அறுத்ததை உப்புப் போக அலசிக் குப்பைக் குழியில் போடுங்கள். கயிறு கட்டி வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாபைகஸ் வேண்டாம். அது தொட்டியிலிருந்து தவறிக் கடலுக்குப் போனால் பவளத்தின் மேல் படர்ந்து மூடும். குருசடைத் தீவுப் பக்கம் அப்படி நடந்திருக்கிறது.

படிகாரம் போட்டால் பாஸ்பேட் படியும் என்று யாராவது சொல்வார்கள். படியும்தான், ஆனால் தண்ணீரின் காரத்தன்மையை இறக்கிவிடும். வேண்டாம். லாந்தனம் என்று ஒரு திரவமும் விற்கிறார்கள். அது உண்டாக்கும் நுண்ணிய துகள் செவுளில் ஒட்டும். பழக்கமில்லாதவர் தொட வேண்டியதில்லை.

எவ்வளவு இறங்க வேண்டும்? பவளம் இல்லாத உங்கள் தொட்டிக்கு 0.1 போதும். பூஜ்யத்துக்குக் கொண்டுபோகப் பாடுபடாதீர்கள். ஒரே வாரத்தில் இறக்கவும் வேண்டாம். ஆறிலிருந்து எட்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லை எடுத்துவிட்டால் கொஞ்சம் முன்னாலும் ஆகலாம்.

சோதனையில் இரண்டு தவறு நடக்கும். கடைக்காரர் சொன்ன 2 என்பது நிறக் கட்டத்தின் கடைசி எண்ணாக இருந்தால் உண்மையில் அதற்கு மேலும் இருக்கலாம். ஒரு பங்கு தொட்டித் தண்ணீருடன் மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதித்து, வந்த எண்ணை நாலால் பெருக்குங்கள். அடுத்து, சில குப்பிகள் பாஸ்பேட்டாகக் காட்டும், சில வெறும் பாஸ்பரஸாகக் காட்டும். இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். அட்டையில் எது என்று படித்துவிட்டுத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வாரா வாரம் எடுக்கிற அந்த 80 லிட்டரை எங்கே கொட்டுகிறீர்கள்? கடல் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 80 லிட்டருக்கு 2.8 கிலோ. திண்ணை ஓரம் கொட்டி அது கிணற்றுப் பக்கமோ மிளகாய்ப் பாத்திப் பக்கமோ ஓடினால், வருடத்துக்கு நூற்று நாற்பது கிலோவுக்கு மேல் உப்பை உங்கள் மண்ணில் கொட்டியிருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டுத்தான் மூடச் சொல்கிறாரோ என்னவோ. டிரம்மில் பிடித்து, அடுத்த நடை கடலுக்குப் போகும்போது அதே வண்டியில் எடுத்துப் போங்கள். ஆறு வாரம் கழித்து நோட்டில் உள்ள எண்களை எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.

கேள்வி: பண்ணைக் குட்டையில் கெண்டை விட்டிருக்கிறேன். தண்ணீர் பச்சையாக இருக்கிறது. பாஸ்பேட் அதிகமா? தண்ணீரை மாற்றவா? (சிவகங்கை மாவட்ட வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். மேலே எழுதியதற்கு நேர் எதிர் உங்கள் குட்டை. அங்கே பச்சைதான் மீனுக்குச் சோறு, அதற்காகத்தான் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுகிறோம். கையை நீட்டித் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை மூழ்கும் நேரத்தில் உள்ளங்கை மறைந்தால் அளவு சரி. அதற்கு முன்பே, மணிக்கட்டு தாண்டியதுமே மறைந்தால் பச்சை கூடிவிட்டது, உரத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் காற்று போதவில்லை என்று பொருள். அன்றைக்கு மட்டும் தீவனம் போடாமல், பம்பு செட்டை ஓட்டிப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிடுங்கள்.